மூன்றாவது தட்டில் மடங்கிய கத்தி

அன்றைக்கு மொட்டை மாடியில் இருந்தது மொத்தம் நாலு பேர். நான். கத்தி, டார்ச், பை, மழைக்கோட்டு என்று கையோடு கொண்டுபோகிற சாமான்களைச் சோதித்துக் காட்டும் வீடியோ சேனல் ஒன்றை நடத்துகிற என் நண்பன். செல்போனைப் பிடித்துப் படம் எடுக்கிற அவன் மனைவி. தண்ணீர்த் தொட்டி வழிகிறதா என்று பார்க்க மேலே வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றுவிட்ட ஹவுஸ் ஓனரம்மா. ஐந்தாவதாக யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். "நீ வேணாம்னு சொன்னத யாரு கேட்டா?" என்று பின்னால் என்னிடமே கேள்வி வந்தது.

இடம் அம்பத்தூரில் நண்பன் குடியிருக்கும் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏறிவிட்டால் கத்தியின் பளபளப்பு போனில் வெறும் வெள்ளையாகத் தெரியும் என்பாள் அவன் மனைவி.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அச்சும் வெட்டுக்கருவியும் செய்கிற ஒரு டூல் ரூமில் கிரைண்டிங் மெஷினில் நிற்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. இரும்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றுக்கொண்டது. பயம் மட்டும் கூடவே பிறந்தது. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால்? ஷேர் ஆட்டோ சக்கரத்தில் யார் துப்பட்டாவாவது சிக்கிக்கொண்டால்? ராத்திரி மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து கரண்டும் போய்விட்டால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் என் இடுப்புப் பையில் இருக்கும். விரல் நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி, சின்ன டார்ச், இன்சுலேஷன் டேப், ஒரு விசில், கொஞ்சம் நைலான் கயிறு. நான் ரயில் ஏறுகிற பட்டாபிராம் ஸ்டேஷனில் போலீஸ்காரர் நின்றால் அந்தக் கத்திக்காகவும் பயப்படுவேன். கம்பெனி அடையாள அட்டையை எடுத்துச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொள்வேன்.

"இது இடுப்பா, ஹார்டுவேர் கடையா?" என்பாள் என் மனைவி.

நண்பன் எங்கள் கம்பெனியில்தான் டிஸ்பாட்சில் இருந்தான். என் பையைப் பார்த்து முதலில் சிரித்தவன் அவன்தான். வேலையை விட்டு வீடியோ பக்கம் போனபோது, சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டான்.

"மாமே, நீ பயந்துகினு ஒவ்வொண்ணா இழுத்துப் பாப்பியே, அதையே எடுத்தா ஊரே பாக்கும்டா. நீ டெஸ்ட் பண்ணு. நான் பேசுறேன்."

"என் மூஞ்சி வரக் கூடாது."

"உன் மூஞ்சிய யாரு கேட்டா? கை போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பேச்சு அவனுடையது, கை என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே என் வலது கட்டைவிரல் நகத்தில் பாதியை மெஷின் கல் சாப்பிட்டுவிட்டது. மீதி கோணலாகத்தான் வளரும். பார்க்கிறவர்கள் "அரை நகம் அண்ணாத்தே சொன்னா சரி" என்று எழுதுகிறார்களாம். நண்பன் சொல்லித்தான் தெரியும். ஒருமுறை யாரோ ஒருவர் "இந்த ஆளுக்குக் கை நடுங்குது" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து முடிந்த வீடியோ எதையும் நான் பார்ப்பதில்லை. சோதிப்பேன், நோட்டில் எழுதுவேன், ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். நான் பார்ப்பதில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சோதனை என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதுகுப் பை வந்தால், அதற்குள் பத்து கிலோ இரும்புக் கழிவைப் போட்டு மூன்று நாள் ஆணியில் தொங்கவிடுவேன். தோள் பட்டைத் தையலில் ஒரு நூல் வாயைத் திறந்தாலும் குறித்துக்கொள்வேன். மழைக்கோட்டுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக் குழாயடியில் கால் மணி நேரம் பிடிப்பேன். தாள் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே தையல் ஓட்டை. டார்ச்சை எரியவிட்டு வாளித் தண்ணீரில் போட்டு மூடிவிட்டு, காலையில் திறந்து பார்ப்பேன். கடையில் கைக்கு நன்றாகப் பிடிபடும் சாமானில் பாதி, வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் கழுத்தறுக்கும். அந்த ஒரு மாதத்தை ஒரே நாளில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

கத்திக்கு நாலு வேலை. முதலில் அரம். டூல் ரூமில் எல்லோரும் செய்கிறதுதான்: கத்தியின் அடியில், கைப்பிடி ஓரமாக, அரத்தை ஒரு இழுப்பு இழுப்பது. வழுக்கினால் இரும்பு கெட்டி. கடித்தால் மசிந்த இரும்பு, கூர் நிற்காது. இரண்டாவது, பேக்கிங் பட்டையையும் அட்டைப்பெட்டியையும் அறுத்துக்கொண்டே போய் எத்தனையாவது அறுப்பில் மழுங்குகிறது என்று எண்ணுவது. மூன்றாவது, ஒரு ராத்திரி உப்புத் தண்ணீர். நாலாவதுதான் தட்டு. மடக்குக் கத்தியைத் திறந்தால் கைப்பிடிக்குள் இருக்கிற ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து வந்து கத்தியின் பின்னால் முட்டுக் கொடுக்கும். அந்த முட்டு நழுவினால் கத்தி உங்கள் விரல் மேலேயே மடங்கும். அதனால் கைப்பிடியை மேலிருந்து மட்டும் பிடித்துக்கொண்டு, விரல் எதுவும் வழியில் இல்லாதபடி, கத்தியின் முதுகை மரக்கட்டையில் பத்துத் தட்டு தட்டுவேன். பத்தும் தாங்க வேண்டும். ஒன்பது போதாது.

நோட்டில் கடைசியாக ஒரே வார்த்தை எழுதுவேன். வாங்கலாம், யோசிக்கலாம், வேண்டாம். பெரும்பாலும் யோசிக்கலாம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து கறுப்புக் கைப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று சாம்பிளாக வந்தது. அரம் வழுக்கியது. உப்புத் தண்ணீரில் ஒரு புள்ளி துரு இல்லை. பத்துத் தட்டு தாங்கியது. நம்பாமல் ஐம்பது வரைக்கும் தட்டினேன், அசையவில்லை. அபூர்வமாக "வாங்கலாம்" என்று எழுதினேன். நண்பன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"இதையே நம்ம பேரப் போட்டு விக்கப்போறேன் மாமே. இனிமே அடுத்தவன் சாமானுக்கு நாம ஏன் வாய் கிழிச்சிக்கணும்?"

எனக்கும் சந்தோஷம்தான். அறுபது கத்தி வந்திறங்கியது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுதான் அந்த ஞாயிறு மாடிக்குப் போனோம். அதே கறுப்புக் கைப்பிடி, அதே திருகு. அரத்தை இழுத்தேன். கடித்தது. இரும்புத் தூள் என் விரலில் ஒட்டியது. முட்டுத் தகட்டைப் பார்த்தேன். சாம்பிளில் கத்தியின் பின்னால் முழுசாக வந்து நின்றது. இதில் ஓரத்தில் தொட்டுக்கொண்டு நின்றது, பஸ் படியில் ஒரு கால் மட்டும் வைத்தவன் மாதிரி. ஒரு தட்டு. இரண்டு. மூன்றாவதில் டொக்கென்று மடங்கியது.

"ஏசப்பா!" என்றார் ஹவுஸ் ஓனரம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கணவர் ஆவடி ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். "வெரல் போயிரும்லா தம்பி!"

"போயிடும்மா" என்றேன். நண்பனிடம் திரும்பினேன். "இது அந்தக் கத்தி இல்லடா. ஒண்ணு கூட வெளிய போகக் கூடாது. திருப்பி அனுப்பிடு."

அவன் கத்தியை வாங்கித் திறந்து மூடினான். திறந்து மூடினான். "சரி மாமே. அனுப்பிடுறேன். நீ டென்சன் ஆவாத."

நோட்டில் "வேண்டாம்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். அவன் மனைவி போனை இறக்கினாள். மத்தியானம் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அவன் பங்கு முட்டையையும் என் இலையில் வைத்தான். முட்டை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று வாரம் போயிருக்கும். தங்கை போன் பண்ணினாள். அவள் புருஷன் பூந்தமல்லிப் பக்கம் இன்டர்நெட் ஒயர் இழுக்கிறவன். கம்பத்தில் ஏணி போட்டு நின்று ஒயர் தோலைச் சீவும்போது கத்தி மடங்கி, ஆள்காட்டி விரலில் ஆறு தையல். நான் ஷிஃப்டிலிருந்து அப்படியே ஓடினேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாப்ளே, எப்டி ஆச்சு?"

"வுடு மச்சான். நான்தான் சரியாத் தொறக்கல போல."

"கத்தி எங்க?"

தங்கை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கறுப்புக் கைப்பிடி. திறந்து முட்டுத் தகட்டைப் பார்த்தேன், ஓரத்தில்தான் நின்றது.

"இத எங்க வாங்கின?"

"இன்னா மச்சான், தெரியாத மாதிரி கேக்குற? உன் வீடியோவுல பாத்துத்தான். நீயே அந்தத் தட்டு தட்டுற, அது அசையவே இல்ல. உன் அரை நகம் எனக்குத் தெரியாதா? உங்கிட்ட சொன்னா ஓசியில குடுப்ப. உங்களுக்கும் நாலு யாவாரம் ஆவட்டும்னுதான் துட்டு கட்டி வாங்கினேன்."

"கேட்டிருக்கலாமே மாப்ளே."

"அதான் வீடியோவுலயே சொல்லிட்டியே. இன்னும் இன்னாத்த கேக்குறது?"

 தங்கை டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்த விதத்தில் எல்லாம் இருந்தது. விரலின் மேல் கணு மடங்குமா என்று தையல் பிரித்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மடங்காவிட்டால் கம்பத்தில் ஏறி ஒயர் முறுக்குகிற வேலை போச்சு.

திரும்பும் வழியில், ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் முழுசாகப் பார்த்த முதல் வீடியோ. என் கை. என் நகம். என் மரக்கட்டை. பத்துத் தட்டு, அதற்கு மேலும் தட்டு. இடையில் என் நோட்டுப் பக்கம், என் கோணல் எழுத்தில் "வாங்கலாம்". எல்லாம் சாம்பிள் கத்திக்கு எடுத்தது. ஒன்றைக்கூட அவன் பொய்யாகச் செய்யவில்லை. சாம்பிள் தாங்கியதைக் காட்டி, தாங்காததை விற்றான். இரண்டும் பார்வைக்கு ஒன்றாக இருந்தது அவனுக்கு வசதி. நான் பார்க்க மாட்டேன் என்பது அதைவிட வசதி.

இரண்டு பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை. இன்னும் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்ற கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. ஒவ்வொருவருக்கும் ஐந்து விரல் என்று பெருக்கிக்கொண்டே இருந்தேன். அந்த வீடியோ இறங்க வேண்டும். அந்தக் கத்தி இன்னொரு கைக்குப் போகக் கூடாது. வேறு எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

அங்கிருந்தே அம்பத்தூர் போனேன். ஹாலில் அவன் கூரியர் கவரில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"என் தங்கச்சி புருஷனுக்கு ஆறு தையல்டா."

டேப்பை வைத்துவிட்டு எழுந்தான். உண்மையாகவே முகம் சுருங்கியது. "அய்யோ. இப்ப எப்டி கீறாரு?"

"அந்தக் கத்தியத் திருப்பி அனுப்புறேன்னு சொன்னியே."

"வாங்க மாட்டேன்னுட்டான் மாமே. துட்டெல்லாம் அதுல மாட்டிகினு கீது. நான் இன்னா பண்ண?"

"அதுக்கு என் கையப் போட்டு விப்பியா?"

"நீ செஞ்ச டெஸ்ட்தான அது? நான் இன்னா கிராபிக்ஸா பண்ணேன்?"

"நான் வேணாம்னு சொன்னேன்டா. அதே மாடியில சொன்னேன்."

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "யாரு கேட்டா? வீடியோ கீதா?"

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். ஆரம்ப நாளிலிருந்து என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். அவள் சமையலறை வாசலில் நின்று கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தபடி, "போன்ல எடமில்லண்ணா, அந்த கிளிப்ப அன்னிக்கே அழிச்சிட்டேன்" என்றாள்.

சத்தம் கேட்டு ஹவுஸ் ஓனரம்மா வாசலுக்கு வந்திருந்தார். "நான் கேட்டேன் தம்பி. வெளிய போவக்கூடாதுன்னு இவரு சொன்னாருல்லா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நீங்க தொட்டி பாக்க வந்தீங்கம்மா. தொட்டியப் பாருங்க" என்றான்.

அவர் போகவில்லை.  மின்விசிறிக் காற்றில் கூரியர் ரசீதுகள் படபடத்தன.

"வீடியோவ சேனல்லேர்ந்து எடுடா" என்றேன்.

"எடுக்கறேன். ஸ்டாக் போனதும் எடுக்கறேன்."

"எவ்ளோ கீது?"

"பதினேழு போச்சு. நீ டெஸ்ட் பண்ணது ஒண்ணு. மீதி நாப்பத்திரண்டு." பிறகு கையை விரித்தான். "அவ்ளோ பயமா இருந்தா நீயே எடுத்துக்கோ மாமே. உனக்கு அடக்க விலைக்கே தர்றேன். முன்னூத்திப் பத்து."

"குடு."

அவனே எதிர்பார்க்கவில்லை. ஹவுஸ் ஓனரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, புத்தி கெட்டுப் போச்சா?"

புத்தி கெடவில்லை. நாற்பத்திரண்டு கத்தி நாற்பத்திரண்டு வீட்டுக்குப் போகிறதை நினைத்தபடி என்னால் மெஷினில் நிற்க முடியாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மொத்தம் பதின்மூவாயிரத்து இருபது. அன்றைக்கு இரண்டாயிரம், மீதி மாதம் ஆயிரம் என்று பேசினோம். வீடியோவை என் கண் முன்னாலேயே சேனலிலிருந்து நீக்கினான். வாங்கின பதினேழு பேருக்கும் "உபயோகிக்காதீர்கள்" என்று மெசேஜ் அனுப்புவதாகச் சொன்னான்.

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். போலீஸ்காரரைப் பார்க்கும்போதெல்லாம் வேர்த்தது. ஒரு கத்திக்கே அடையாள அட்டையைத் தொங்கவிடுகிறவன், நாற்பத்திரண்டுக்கு எதைத் தொங்கவிடுவது?

வீட்டில் பெட்டியைக் கவிழ்த்தபோது அடியில் மொத்த வியாபாரியின் ரசீது ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கத்தி நூற்றுத் தொண்ணூறு. என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "இதுலயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தினம் ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று கத்தியாக மெஷினில் வைத்து வெட்டு ஓரத்தையும் முனையையும் அரைத்துத் தள்ளினேன். மசிந்த இரும்பு, பொறி சிவப்பாகச் சோம்பேறித்தனமாக விழும். நாற்பத்திரண்டும் இப்போது வெறும் தகடு. எடைக்குப் போட்டால் டீச் செலவுக்குக் காணும்.

மாப்பிள்ளைக்குத் தையல் பிரித்தார்கள். மேல் கணு பாதிதான் மடங்குகிறது. கம்பம் ஏற விடவில்லை. கீழே நின்று பெட்டி பொருத்துகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள், சம்பளம் குறைவு. "எப்பயாவது மெசேஜ் வந்துச்சா மாப்ளே, அந்தக் கத்திய யூஸ் பண்ணாதீங்கன்னு?" என்று கேட்டேன். போனை நீட்டினான். தேடிப் பார்த்தேன். அவன் பதினேழில் ஒருவன். அவனுக்கே எதுவும் வரவில்லை. மீதிப் பதினாறு பேருக்கும் வந்திருக்காது. அவர்கள் விலாசத்தைக் கேட்டபோது "கஸ்டமர் டீடெயில் எல்லாம் வெளிய தரக் கூடாது மாமே" என்றான் நண்பன், திடீரென்று சட்டம் தெரிந்தவன் மாதிரி.

நாலாவது மாத ஆயிரத்தைக் கொடுக்கப் போவதற்கு முதல் நாள், கம்பெனியில் ஒருவன் வந்து என் தோளைத் தட்டினான். "அண்ணாத்தே, உன் கத்தி மொத்தமும் வித்துப்போச்சாமே! ட்ரீட் எங்க?" போனைக் காட்டினான். புது வீடியோ. "முதல் லாட்டு மொத்தமும் காலி. உங்கள் ஆதரவுக்கு நன்றி. அடுத்த லாட்டு வருகிறது." காலியாக்கியது நான். படத்தில் பெரிசாக என் கட்டைவிரல், அரை நகம், மரக்கட்டை மேல் கறுப்புக் கைப்பிடி.

மறுநாள் போனேன். ரசீதையும் சட்டைப் பையில் எடுத்துப்போனேன். எடுத்து நீட்டினேன்.

"அது வேற பில்லு மாமே" என்றான், பார்க்காமலே.

"அடுத்த லாட்டுல ஒண்ணக் குடு. பத்துத் தட்டு தட்டிப் பாக்குறேன்."

"நீ பயந்த ஆளு. உங்கிட்ட குடுத்தா நீ இன்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப என் கைய எடு. எல்லா வீடியோவுலேர்ந்தும்."

அவன் என்னை உட்காரச் சொன்னான். தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். குரல் பழைய நண்பனின் குரலாகவே இருந்தது, கம்பெனி கேட் வாசலில் என்னை வெளியே கூப்பிட்டவனின் குரல்.

"எடுக்கறேன் மாமே. யாரு எடுக்க மாட்டேன்னா? பாக்கியக் கட்டி முடி, அன்னிக்கே உன் கை வர்ற எல்லாத்தையும் எடுத்துர்றேன். சத்தியமா."

சத்தியம் என்ற வார்த்தையை அரத்தில் இழுத்துப் பார்க்க முடியாது. அந்த மாத ஆயிரத்தை எண்ணி டீப்பாயில் வைத்துவிட்டு வந்தேன். புது லாட்டு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. என் கை அங்கே இன்னும் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அதை இறக்குவதற்கு நான் அவனுக்குத் தர வேண்டியது இன்னும் ஏழாயிரத்து இருபது ரூபாய்.